அதுக்கு முன்னாடி என்ன வேலை?

காவலாளிக்கு மூன்று படி ஏறினாலே மூச்சு வாங்கும். பன்னிரண்டு வருஷம் சமையல் மேடைக்குக் கல் அறுத்தவர். உடம்பு முடியாமல் போனதும் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் இந்த வேலைக்கு வந்தார். பழைய பட்டறையில் அவர் இடத்தில் இரண்டு வருஷமாகத் தம்பி. "மூக்குல துணி கட்டிக்க, போதும்" என்று புத்தி சொல்லி அனுப்பியவரும் இவர்தான்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'தொழில்: காவலாளி' என்று எழுதினார்கள். நாடு முழுக்க அப்படித்தான் எழுதினார்கள் போலிருக்கிறது. தொழில்நோய்களைக் கணக்கெடுக்கும் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அம்மாள். அவருடைய அட்டவணையில், நுரையீரல் நோயில் காவலாளிகள் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனார்கள். மேலதிகாரி 'பனியில் உட்காருவதால்' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார். பெரிய கண்டுபிடிப்பு! அம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. நாற்காலியா நுரையீரலைத் தின்னும்? படிவத்தில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார்; இந்தக் காவலாளிக்கும் வந்தது.

"இப்ப வாட்ச்மேன். சரி, அதுக்கு முன்னாடி என்ன வேலை?"

"கல் அறுத்தேங்க."

"தண்ணி விட்டு அறுப்பீங்களா?"

"விட்டா சகதியாகும், முதலாளி திட்டுவாரு. வெறுமனேதான். தூசியெல்லாம் நெஞ்சுக்குள்ளதான் போகும்."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம். "உங்களோட நாப்பத்தோரு பேர், அண்ணே. எல்லாரும் கல் அறுத்தவங்க. அங்க உங்க ஆளு யாராச்சும் இன்னும் இருக்காங்களா?"

"தம்பி இருக்கான்" என்றார் காவலாளி. போனை வைத்த கையோடு தம்பியை எக்ஸ்ரேவுக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த அரை நிமிஷம் இவருக்கு இருந்த மூச்சும் நின்றது. "சுத்தமா இருக்கு" என்று டாக்டர் வயிற்றில் பாலை வார்த்தார்.

அடுத்த படிவத்தில் 'முந்தைய தொழில்' என்று ஒரு கட்டம் கூடியது. அட்டவணையில் காவலாளிகள் இறங்கினார்கள், கல் அறுப்பவர்கள் மேலே வந்தார்கள். பட்டறைக்கு ஆய்வாளர் வந்து, தண்ணீர்க் குழாய் இல்லாத இயந்திரத்துக்கு சீல் வைத்தார்; முதலாளி குழாய் மாட்டிய பிறகுதான் பிரித்தார்.

காவலாளி அம்மாளுக்குப் போன் செய்தார். "நீங்க நல்லா இருக்கணும் தாயி."

"நான் ஒரு கேள்விதானே கேட்டேன், அண்ணே."

"இத்தனை வருஷத்துல வேற யாரும் கேக்கலையே."

இப்போது தம்பி வேலை முடிந்து வரும்போது கால்சட்டை முழங்கால்வரை வெள்ளைச் சகதி. "எல்லாம் உன்னாலதான். தினம் இதே கூத்து" என்று முனகுவான்.

காவலாளிக்கு அந்தச் சகதியைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"துவைச்சா போயிடும்டா" என்பார். "என்னோடதைத் துவைக்க முடியல."