மகள் கட்டிக்கொடுத்த சாப்பாடு

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் அவளுடைய பள்ளியில் மாலை நேரச் சமையல் வகுப்பு தொடங்கினார்கள். பள்ளி விட்ட பிறகு, சத்துணவுக் கூடத்திலேயே வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுக்க ஓர் இளம்பெண் வந்தார். பாக்கெட் தின்பண்டத்தில் என்ன இருக்கிறது, சாமை எது, வரகு எது, காயை வதக்குவதற்கும் ஆவியில் வேகவைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவார். நான் பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்க்கிறேன். முகூர்த்த நாட்களில் வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும். அதுவரை பிள்ளை ஓரிடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் சேர்த்துவிட்டேன்.

அவள் அந்த வகுப்பை எடுத்துக்கொண்ட விதமே வேறு. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று அவளுக்குத் தெரியும். அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டினார். ஷிஃப்டுக்கு நடுவில் எங்காவது நிறுத்தி பரோட்டா சாப்பிடுவார். மாத்திரையை நினைத்தால் போடுவார். நான் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருந்தேன். ஒருநாள் மகள் வந்து, "அப்பா சாப்பாட்ட இனிமே நான் பாத்துக்குறேம்மா. சாப்பாடு சரியா இருந்தா சக்கரை கொறையும்னு மிஸ் சொன்னாங்க" என்றாள்.

விடியற்காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். அடுப்பை நான் பற்றவைத்துக் கொடுப்பேன், மற்றதெல்லாம் அவள்தான். சாமைப் பொங்கல், கொள்ளு ரசம், முருங்கைக்கீரை போட்ட அடை. டிபன் பாக்ஸை மூடி அப்பா கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பாள். அவரும் அவள் தலையில் கைவைத்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார். மாலையில் டப்பா காலியாக வரும். எப்படி இருந்தது என்று கேட்பாள். சூப்பர் என்பார். அவள் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கும் நிம்மதியாக இருக்கும். என் பேச்சைக் கேட்காதவர் மகள் பேச்சையாவது கேட்கிறாரே என்று இருந்தேன்.

புது ஷூ கடித்ததில் அவருக்குக் குதிகாலில் கொப்புளம் வந்தது. காலில் உணர்ச்சி மரத்துப்போயிருந்ததால் வலி தெரியவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்றம் வந்து சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். கால் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள். அதற்குள் சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது. என்னென்னவோ செய்து பார்த்தும் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது மகள் அழவில்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாவுக்கு வந்தவர்கள் போன பிறகு மெல்லக் கேட்டாள்: "நான் ஏதாவது தப்பா செஞ்சிட்டனாம்மா? கொள்ளு சூடுன்னு சொல்லுவாங்களே?" அதெல்லாம் இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நம்பியதாகத் தெரியவில்லை. பள்ளிக்குப் போனாள். சமையல் வகுப்புக்கு மட்டும் போகவில்லை. அந்த மிஸ் வீட்டுக்கே வந்து அவள் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்படியும் அவள் வகுப்புக்குத் திரும்பவில்லை.

காரியத்தன்று படையலுக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்று நாத்தனார் பிரியாணியும் பரோட்டாவும் வாங்கி வரச்செய்தார். இலை நிறைந்திருந்தது. அவரோடு பஸ் ஓட்டியவர் ஒருவர் கும்பிட்டுவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா, உன் கை சாப்பாட்டத்தான் நான் தெனம் சாப்ட்டுக்கினு இருந்தேன். உங்கப்பா டப்பாவ என்கிட்ட குடுத்துட்டு கடைக்குப் பூடுவாரு. எனக்கும் சக்கரை இருக்குது. இப்ப நல்லா கொறஞ்சிட்சின்னு டாக்டரே சொன்னாரு. எல்லாம் உன்னாலதாம்மா."

நன்றி சொல்லத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் எழுந்துபோய் அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா சாப்பிடவே இல்லையாம்மா?"

கூடம் முழுக்க உறவுக்காரர்கள். கொஞ்சம் சாப்பிட்டிருப்பார் என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்படிச் சொன்னால் அவள் சமையல்தான் அவரைக் கைவிட்டது என்று காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். "சாப்பிடலம்மா. நீ செஞ்சதுல ஒரு கொறையும் இல்ல" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். அழுகை நின்ற பிறகு எழுந்துபோய் அந்த மனிதருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மேலிருந்த ஒரு பாரத்தை இறக்கி இன்னொன்றை ஏற்றிவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அப்பா படத்துக்கு அவள் விளக்கேற்றுவதில்லை. நான் ஏற்றும்போதும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கேட்டால், "பொய் சொன்னாரு இல்ல" என்பாள். எனக்கும் அதே கோபம் உண்டு. அவர் மகளை ஏமாற்றவில்லை, அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார் என்று சில நாள் நினைப்பேன். சில நாள் அதுவும் முடியாது.

அரைப் பரீட்சைக்குப் பிறகு தானாகவே சமையல் வகுப்புக்குத் திரும்பினாள். இப்போது எனக்குச் சாப்பாடு கட்டுகிறாள். கடையில் கூட வேலை செய்பவர்கள் கேட்டாலும் நான் ஒரு வாய்கூடக் கொடுப்பதில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். எது நன்றாக இருந்தது, காய் வெந்திருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். போன வாரம் கட்டிக்கொடுத்த கூட்டில் உப்பே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து, சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். மாலையில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "கூட்டு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டபோதுதான் அவள் மறக்கவில்லை என்று விளங்கியது.

"உப்பே போடலியே நீ" என்றேன்.

"ம்" என்றாள். என் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு வந்து என்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.