தங்கை கொடுத்த துளி

கர்ப்பப்பையின் உள்தோலில் கரு எப்படி ஒட்டிக்கொள்கிறது, சிலருக்கு மட்டும் ஏன் ஒட்டாமல் நழுவிப்போகிறது என்பதைத்தான் அக்கா ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து வாழ்நாளெல்லாம் தேடினாள். கூடப்பிறந்த தங்கைக்காகத்தான் தேட ஆரம்பித்தாள். தங்கை வயிற்றில் உண்டானது எதுவும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நிற்பார். அக்கா உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆண்டவன் கணக்கு யாருக்குப் புரிகிறது?

கடைசி முறை, சோதித்துப் பார்க்கக் கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் சதை எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"அதுல ஒரு துளி எங்கக்காவுக்கும் கொடுங்கம்மா. அவளுக்காவது பிரயோஜனப்படட்டும்" என்றாள் தங்கை.

அந்தத் துளியிலிருந்து செல்களைப் பிரித்து, தட்டையான பிளாஸ்டிக் குப்பியில் இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றி, உடம்புச் சூடு மாறாத பெட்டிக்குள் வைத்துக் கண்ணும் கருத்துமாக வளர்த்தாள் அக்கா. இப்படி வளர்க்கும் செல்கள் கொஞ்ச காலம் பெருகிவிட்டுக் கிழடு தட்டி நின்றுவிடும். இவையும் சோர்ந்துதான் வந்தன. பிறகு என்ன ஆனதோ, திடீரென்று மளமளவென்று பெருகின. அதற்கப்புறம் நிற்கவேயில்லை. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று பூரித்துப்போனாள். படித்தவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. பாசம் விடவில்லை.

"என் பிள்ளைங்க எப்படிக்கா இருக்காங்க?" என்று தையல் மெஷினை மிதித்துக்கொண்டே தங்கை கேட்பாள்.

"கொழுகொழுன்னு இருக்காங்கடி. இடம் பத்தாம குப்பி மாத்திக்கிட்டே இருக்கேன்."

"வாடகை கேட்டுடாதே. அவங்கப்பாகிட்ட ஒண்ணும் தேறாது."

"சும்மா இருக்கிறவனை ஏம்மா இழுக்கிறே?" என்பார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அந்த வீட்டில் மிச்சம்.

அந்தச் செல்களை வைத்து அக்கா எழுதிய கட்டுரைகள் கடல் தாண்டிப் போயின. கருவை ஒட்டவைக்கும் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று பேரும் வந்தது. கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல் அவள் தலை நரைத்தது.

போன வருஷம் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் புதுக் கட்டுரை ஒன்றை அனுப்பினாள். இந்தச் செல்கள் இன்னாருடையவைதான் என்று டிஎன்ஏ சோதனை செய்து காட்டச் சொன்னார்கள். இப்போது எல்லோரிடமும் கேட்கிறார்களாம். தங்கையின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் அக்காவே தேய்த்து எடுத்தாள்.

"பெத்தவ யாருன்னு சந்தேகமா? மூக்கைப் பாரு, அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கும்" என்று தங்கை சிரித்தாள்.

சோதனையைச் செய்தவர் பக்கத்து அறை விஞ்ஞானி. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"ஒத்துப்போகலை மேடம். இது வேற ஒரு அம்மாவோட புற்றுநோய் செல். உலகம் பூரா ஆராய்ச்சிக்குன்னு நாம எல்லாருமே வளர்க்கிறோமே, அதேதான். எப்பவோ ஒரு சொட்டு கலந்திருக்கு. வேகமா வளர்ந்து உங்களோடதை அழிச்சிடுச்சு."

"உறைய வச்ச பழைய குப்பிங்க இருக்கே?"

"அதுலயும் பார்த்துட்டேன். அதுவும் இதுதான்."

மளமளவென்று பெருகிய அந்த நாட்கள் அக்காவின் நினைவுக்கு வந்தன. அந்தப் புற்றுநோய் செல்லுக்கும் தங்கையின் செல்லுக்கும் ஒரே பாட்டில் திரவத்தை எடுத்தாளோ என்னவோ. ஞாபகமில்லை.

"கட்டுரைகளைத் திரும்ப வாங்கிடுங்க, அதுக்கு வேற வழியில்லை. ஆனா தங்கச்சிகிட்ட ஏன் சொல்லணும்? ஒத்துப்போச்சுன்னு சொல்லிட்டா நிம்மதியா இருந்துட்டுப் போறாங்க" என்றார் அவர்.

அந்த வார்த்தை இனிக்கத்தான் செய்தது. இந்த ஒரு பொய்யை மன்னிச்சிடு சாமி என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனாள்.

"ரிசல்ட் வந்துச்சாக்கா?" என்று தங்கை முகத்தை நிமிர்த்தினாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"அது உன்னோடது இல்லடி."

மெஷின் நின்றது. "அப்போ என்னோடது?"

"ஆரம்பத்துலயே செத்துப்போச்சு. என் கையாலதான்."

வீட்டுக்காரர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை மடியிலிருந்த துணியை நீவினாள்.

"மத்ததெல்லாம் போனப்போ வலிச்சுதுக்கா. அழுது தீர்த்தேன். இது போனதே தெரியாம, இத்தனை வருஷமா நல்லாயிருக்கான்னு விசாரிச்சுக்கிட்டு இருந்திருக்கேனே."

அக்கா குனிந்து தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"இப்ப அந்தக் குப்பிங்களை என்ன செய்வே?"

"ப்ளீச் ஊத்திக் கொட்டணும்."

"நானும் வரேன்."

மறுநாள் இருவரும் கையுறை போட்டுக்கொண்டு தொட்டியருகே நின்றார்கள். முதல் குப்பியைத் திறந்து அக்கா ப்ளீச்சை அவசரமாகச் சாய்த்தாள். தங்கை பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா ஊத்துக்கா. இதுவும் யாரோ ஒருத்தியோடதுதானே."

இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீராகும் வரை அவள் பிடித்த கையை விடவில்லை.