கிரிக்கெட் பாய்க்காக நான் அடித்த மணி

எழுபதுகள் முடியப்போகிற சமயம். ஈப்போவிலிருந்து சித்தியவான் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டம். ஒரு சனிக்கிழமை மாலை அந்தத் தோட்டத்தையே ஓட வைத்துவிட்டு, திடலின் ஓரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். தைரியத்தில் நிற்கவில்லை. கால்களுக்கு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. புந்தோங்கில் வீடு, ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிளப்புக்காகக் கிரிக்கெட். விளையாடினேன் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். யாருக்காவது கால் சுளுக்கினால் நான் இறங்க வேண்டும். அந்தக் கிளப்பில் எல்லாருக்கும் கால் இரும்பு மாதிரி இருந்தது. ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதில் மட்டும் பேராக் மாநிலத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களிலும் தோட்டங்களிலும் கிரிக்கெட்டைப் பரப்ப வேண்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒவ்வொரு கிளப்பும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். நல்ல ஆட்டக்காரனை அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கெட்டுப்போகும். அதனால் என்னை அனுப்பினார்கள்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர் என்னைவிட ஆர்வமாக இருந்தார். பையன்கள் கிட்டிப்புள் ஆடிப் பழகியவர்கள். மட்டையைக் கையில் கொடுத்தால் எதையும் அடிப்பார்கள், பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்து. பந்து வீசுவதுதான் வரவில்லை. முழங்கையை மடக்காமல் வீசு என்றால் உடம்பையே மடக்காமல் மரக்கட்டை மாதிரி ஓடி வந்தார்கள். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது சீக்கிரமே தீர்ந்துபோனது. பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டோம்.

சிக்கல் இடத்தில் வந்தது. தோட்ட மானேஜரை எல்லாரும் துரை என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர் எப்போதோ போய், நம்மவர் ஒருவர் அந்த வேலைக்கு வந்திருந்தார். பங்களாவும் நாற்காலியும் மாறாததால் பெயரும் மாறவில்லை. ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நடும் காலம் அது. நாற்றுப் பைகளை அடுக்க அவருக்குத் தண்ணீர் வசதியுள்ள சமமான இடம் வேண்டும். எங்கள் திடலின் மேல்பக்கம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

தலைமையாசிரியரும் நானும் போய்க் கெஞ்சினோம். அவர் அதிகம் பேசவில்லை.

"ஒரு மேட்ச் வைங்க. நான் வந்து பாக்குறேன். நம்ம ஜனங்க வந்து நின்னு பாத்தா எடம் ஒங்களுக்கு. அவங்களுக்கே வேணாம்னா நாத்துக்கு."

ஈப்போ பள்ளி ஒன்றின் அணியை வரச் சொல்லிவிட்டோம். அடுத்த கவலை, பந்து ஒழுங்காக எழும்பத் தரையில் விரிக்கும் பாய். தேங்காய் நார்க் கயிற்றால் பின்னியது, நீளமானது, கனமானது. எங்கள் கிளப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செயலாளர் அதைத் தன் பிள்ளைகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டார். நனைந்தால் சுருங்கிவிடும் என்பது அவர் பயம். இரவல் கொடுக்கும்போது என் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"பாய் நனஞ்சிச்சின்னா நீ வராத. பாய மட்டும் லாரியில அனுப்பு."

ஆட்ட நாள் வந்தது. வெயில், சமமான தரை, பாய் விரித்து ஆணி அடித்தாயிற்று, நடுவர் கோட்டு போட்டுக்கொண்டு நான். எல்லாம் இருந்தது. ஜனம்தான் இல்லை. விடியலில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போனவர்கள் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் துணி துவைத்தார்கள். மிச்ச ஆண்கள் கள்ளுக்கடையில். பார்வையாளர் என்று இரண்டு நாய்கள் வந்தன. அதில் ஒன்றும் பாதியில் எழுந்து போய்விட்டது.

ஈப்போ பையன்கள் முதலில் ஆடி முடித்தார்கள். தேநீர் இடைவேளை. பள்ளிக்கூடத்தில் வடையும் தேநீரும் ஏற்பாடு. தலைமையாசிரியர் இரண்டு அணியையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போனார். பாய்க்குக் காவலாக நான் மட்டும் திடலில் இருந்தேன். இடைவேளை முடிந்ததும் துரை வருவார். வந்து ஒரு நாயைப் பார்ப்பார். அதை எப்படி எதிர்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வானத்தைப் பார்த்தேன்.

கறுத்துவிட்டது. பேராக் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஹோ என்று சத்தம் வரும். வந்தது.

ஓடிப்போய் ஆணிகளைப் பிடுங்கினேன். பாயின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டினேன். மூன்று சுற்று வந்தது. நாலாவது சுற்றில் பாய் என்னைச் சுருட்டப் பார்த்தது. இழுத்தேன், அது வரவில்லை. தள்ளினேன், நான்தான் அதன்மேல் விழுந்தேன். செயலாளர் முகம் கண்ணில் வந்தது. நான் அழுதேனா என்று யாராவது கேட்டால் வேர்வை என்று சொல்லிக்கொள்வேன்.

திடலின் ஓரத்தில் பெரட்டுக் கொட்டகை. விடியற்காலையில் வேலைக்காரர்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது அங்கேதான். அதன் தூணில் பழைய தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. பக்கத்தில் அடிக்க ஓர் இரும்புக் கம்பி. அதை அடித்தால் ஆள் வரும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதில் தப்பும் இல்லை. பையன்களுக்குக் கேட்டு ஓடி வருவார்கள் என்று நினைத்துக் கம்பியை எடுத்தேன்.

பெரட்டுக்கு அடிக்கும்போது ஒவ்வோர் அடியாக, நிதானமாக அடிப்பார்களாம். எனக்கு ஏது நிதானம்? கை வலிக்கும்வரை படபடவென்று அடித்தேன்.

முதலில் நாய் ஓடியது. பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். பால் வாளிகளில் தண்ணீரோடு பெண்கள் வந்தார்கள். நனைத்த கோணிச் சாக்குகள் வந்தன. மண்வெட்டிகள் வந்தன. கள்ளுக்கடைக் கூட்டம் கையில் குவளையோடு வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் தூக்குப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசியில் லேண்ட்ரோவரில் துரை, ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் சிலிப்பருமாக இறங்கினார்.

எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்க தீ?"

நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். ஆட்களை மேய்க்கும் மண்டோர் சைக்கிளைப் போட்டுவிட்டு என் முகத்துக்கு நேரே வந்தார்.

"தம்பி, வாயத் தொற. எங்க பத்திக்கிச்சி?"

"தீ இல்லண்ணே. பாய்."

"பாயில தீயா?"

"இல்லண்ணே. பாய் நனையப் போவுது."

வாளிகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின.

ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தவர் ஓர் அக்கா. தோளில் ஈரச் சாக்கு, தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே போனார். கள்ளுக்கடைப் பக்கமிருந்து வந்த ஒருவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். இது ஏதோ வீட்டுச் சண்டை, அதுவரைக்கும் நமக்கு ஓய்வு என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவர் சீக்கிரமே சட்டையை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நான் ஈரச் சாக்கத் தூக்கிக்கிட்டு உசுரு போவ ஓடியாரேன். இவன் என்னான்னா பாய நனைக்காதங்கிறான்லா."

யாரோ சிரித்தார்கள். முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. அக்கா வானத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். என்னைப் பார்த்தபோதுதான் அவருக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும்.

"வந்தது வந்தாச்சி. தூக்குங்க எல்லாரும்."

சுருட்டக்கூட இல்லை. இரண்டு பக்கமும் வரிசையாக நின்று பாயை அப்படியே தலைக்கு மேல் தூக்கினார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஈப்போ தெருவில் டிராகன் போகிற மாதிரி அது வளைந்து வளைந்து கொட்டகைக்குள் போனது. வால் உள்ளே நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

தோட்டமே கொட்டகைக்குள் மாட்டிக்கொண்டது. நடுவில் பாய், சுற்றிலும் ஜனம், பின்னால் தூணோரம் துரை. வேறு வழியில்லாமல் ஒருவர் கேட்டார்.

"தம்பி, இந்த ஆட்டத்துல ஒருத்தன் அவுட் ஆவலன்னா எவ்ளோ நேரம் நிப்பான்?"

"நாள் பூரா நிக்கலாம்ண்ணே."

"வெயில்லயா?"

"வெயில்லதான்."

"அதுக்கு மரம் வெட்டவே போலாம்லா. சுத்தி நிக்கிறானுங்களே, அவனுங்களுக்கு என்னா வேல?"

"பந்து வந்தா புடிப்பாங்க."

"வரலன்னா?"

"சும்மா நிப்பாங்க."

"அப்ப அது நம்ம மண்டோர் வேல."

கொட்டகை அதிர்ந்தது. மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. மழைதான் முதலில் நின்றது.

திடலில் அங்கங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பால் வாளியோடு வந்தவர்கள் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். சாக்குகளைப் பிழிந்து போட்டுத் துடைத்தார்கள். மண்வெட்டிக்காரர்கள் வாய்க்கால் வெட்டினார்கள். தீயணைக்க வந்த கூட்டம் அளவுக்குத் திடலைத் தயார் செய்யத் தெரிந்த ஆட்களை நான் எந்தக் கிளப்பிலும் பார்த்ததில்லை. அந்தக் கோடியில் மணி கேட்காமல் இருந்த பையன்கள் வடைக் கையோடு திரும்பி வந்தபோது பாய் விரித்துத் தயாராக இருந்தது. சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

எங்கள் பையன்கள் தோற்றார்கள். நன்றாகவே தோற்றார்கள். ஒவ்வொரு முறை நான் அவுட் என்று விரலைத் தூக்கும்போதும், விரலை மட்டும்தான் தூக்கத் தெரியும், பாயைத் தூக்கத் தெரியாது என்று ஒரு குரல் வந்தது.

ஆட்டம் முடிந்ததும் துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்நேரத்துக்குள் நான் கொஞ்சம் தெம்பாகி, ஒரு வேடிக்கைப் பேச்சைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"அந்த மணிய வேற நேரத்துல அடிச்சா என்னா அர்த்தம்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது சார்."

"போன வருசம் ஸ்மோக் ஹவுஸ்ல தீ. ரப்பர் ஷீட்டு பொகையில காயப் போடுற எடம். ஒரு ஆள் போயிட்டான். அன்னைக்கு அடிச்சதுக்கு அப்புறம் இன்னைக்கு நீதான் அப்படி அடிச்சிருக்க."

வேடிக்கைப் பேச்சை அதோடு விட்டுவிட்டு, நடுவர் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஜனங்க நீ அடிச்ச மணிக்குத்தான் வந்தாங்க. ஆனா மழ விட்டதுக்கு அப்புறம் யாரும் போவல, அதையும் பாத்தேன். எடம் ஒங்களுக்கு. நாத்த வேற பக்கம் போட்டுக்கிறேன். ஆனா திங்கக்கெழம பெரட்டுக்கு நீ வரணும். அவங்க முன்னால நின்னு சொல்லணும்."

பாய் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குத் திரும்பியது. செயலாளர் குனிந்து முகர்ந்து பார்த்தார். காய்ந்த பாய்தான். திங்கட்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, முதல் நாளே போய்த் தலைமையாசிரியர் வீட்டில் தங்கி, விடியும் முன் பெரட்டில் போய் நின்றேன். தலையில் விளக்குக் கட்டிய வரிசைகள். அத்தனை வெளிச்சமும் என் முகத்தில். வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சில் முதல் சொல்கூட வரவில்லை.

"மன்னிச்சிருங்க. தெரியாம அடிச்சிட்டேன்."

"சத்தமா சொல்லுலா. மணிய மட்டும் அந்த அடி அடிச்ச?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பேர் கூப்பிட்டு முடித்ததும் அவரவர் வாளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார்கள். அந்த அக்கா மட்டும் என் பக்கம் ஒதுங்கினார்.

"தம்பி, எம்புருசன் ஸ்மோக் ஹவுஸ்லதான் வேல. சனிக்கெழம அவரு மொற. கள்ளுக்கடைக்கு ஓடிட்டாருன்னு எனக்குத் தெரியாது. நேரா ஸ்மோக் ஹவுஸுக்குத்தான் ஓடுனேன். அங்க ஆள் இல்ல. அப்புறம் சனம் ஓடுற பக்கம் ஓடியாந்தேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கல்யாணம் கட்டுன நாள்லேருந்து அந்த மனுசன் கள்ளுக்கடையில இருக்காருன்னு நான் ஒரு நாளும் சந்தோசப்பட்டதில்ல. அன்னைக்குப் பட்டேன். தொரைகிட்ட சொல்லிராத."

"சொல்ல மாட்டேன்க்கா."

"அடுத்த வாட்டி மழ வந்தா லயத்துல வந்து கூப்புடு. வாரோம். அந்த இரும்ப மட்டும் தொடாத."

வாளியைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தோட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் கிரிக்கெட்டோடு போனேன். எங்கே போனாலும் ஆள் வேண்டுமென்றால் வீடு வீடாக நடந்துபோய்க் கூப்பிட்டேன். பதற்றம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை, சாவி காணோம் என்றாலே வீட்டை இரண்டாக்குகிற ஆள்தான் இன்றைக்கும். ஆனாலும் கத்த வாயைத் திறக்கும்போது ஈரச் சாக்கோடு ஓடி வந்த அந்த முகம் குறுக்கே வரும், என் சத்தத்தைக் கேட்டு யார் யாரைத் தேடி ஓட வேண்டியிருக்குமோ என்று ஒரு நொடி தயங்கிவிடுகிறேன்.