பெட்டியின் மேல் என் பெயர்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். டெல்லியில் ரயிலை விட்டு இறங்கியபோது தண்ணீருக்கு 'பானி' என்ற ஒரே ஒரு இந்திச் சொல்தான் தெரியும். மாற்றலாகிப் போகும் அதிகாரிகளின் வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்பும் தொழிலை அங்கே மோதி பாக் பகுதியில் தனி ஆளாகத் தொடங்கினேன். இன்று நான்கு லாரி, ஒரு கிடங்கு, டெல்லி துவாரகாவில் சொந்த வீடு. கவுகாத்திக்கு நான் அனுப்பிய பீங்கான் தட்டுகளில் ஒன்றில்கூடக் கீறல் விழுந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அப்படிப்பட்டவன், ஒரு காகிதத்தை மூன்று நாளாகத் தொடாமல் வைத்திருந்தேன்.

மகளுக்குக் கனடாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவளுக்கு நான் பொறுப்பு என்று அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போவாள், இல்லையென்றால் இல்லை. சாமான் வழியில் தொலைந்தால் எந்த ஊரில் எந்த டிரைவரைப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு அத்துபடி. அங்கே இவள் காய்ச்சலில் படுத்தால் யாரைக் கூப்பிடுவேன்?

"அப்பா, ஜல்தி, சீக்கிரம் போடுங்க. இன்னிக்கு சாயங்காலம் லாஸ்ட்."

"கண்ணாடியக் காணோம்மா."

"உங்க தலைமேலயே இருக்கு."

மனைவி சமையலறையிலிருந்து குரல் விட்டாள்: "ஊரு சாமானெல்லாம் ஏத்தி அனுப்புற மனுசன், சொந்தப் பிள்ளைய அனுப்பக் கை நடுங்குதாக்கும்!"

மகளிடம் பல்கலைக்கழகக் கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். "டியர் மிஸ்..." என்றவள் அடுத்து என் பெயரைச் சொன்னாள்.

"என் பேரு எதுக்கு அங்க?"

"பாஸ்போர்ட்ல இனிஷியல விரிச்சு எழுதினோம்லப்பா. அவங்களுக்கு அதான் குடும்பப் பேரு. அங்க எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

ஒருமுறை ஜோத்பூருக்குப் போக வேண்டிய பெட்டியை என் ஆட்கள் அசாம் போகும் ஜோர்ஹாட் லாரியில் ஏற்றிவிட்டார்கள். மேலே கறுப்பு மையில் பெயர் இருந்ததால்தான் அது உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. பெயர் எழுதாத பெட்டியை நான் ஏற்றியதே இல்லை. இவள்மேலும் என் பெயர் எழுதியிருக்கிறது.

கோணலாகத்தான் விழுந்தது கையெழுத்து. ஆனால் போட்டேன்.

அடுத்த மாதம் விமானம். பயம் அப்படியே இருக்கிறது. சொந்தக்காரர்கள், பெண் தன் மூளையால் போகிறாள் என்கிறார்கள். மூளை அவளுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பட்டம் கொடுக்கும் மேடையில் வாசிக்கப்போவது என் பெயரையும் சேர்த்துத்தான். அதை விழுங்காமல், முழுசாக, எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும்.