தெலுங்கில் சொன்ன சாட்சி

அந்த டாக்டர் மறுபடியும் வைத்தியம் பார்க்கலாம் என்று எங்கள் ஊரே கைநாட்டு வைத்துக் கொடுத்தது. வைக்காத வீடு எங்களுடையது ஒன்றுதான். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவைத் தெலுங்கு பேசும் பாகாலாவில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு நகரிப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு அழைத்து வந்தோம். வலி எடுத்தும் குழந்தை இறங்கவில்லை என்று நைனா ஓடிப்போய்க் கடைத்தெரு டாக்டரைக் கூட்டிவந்தார். பட்டப்பகல். மதுவிலக்கு அமலில் இருந்த ஜில்லாவில் அவருக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்ததோ, வாசலில் ஏறும்போதே சாராய நாற்றம் வீசியது. ஆயுதம் போட்டு இழுத்தார். குழந்தை செத்துப் பிறந்தது. அக்காவுக்கு உதிரம் நிற்கவில்லை. "ஒண்ணியும் இல்ல, படுக்கப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டியிலும் ரயிலிலுமாகத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பையை எடுத்துத்தான் அவள் உயிரைக் காப்பாற்றினார்கள். பாகாலாக்காரர் அடுத்த தையிலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

நைனா புகார் எழுதினார். அப்போது நாங்களும் சென்னையும் ஒரே ராஜ்யம். சென்னையில்தான் விசாரணை நடந்தது. திருப்பதி டாக்டர்கள் தாங்கள் கண்டதை மறைக்காமல் சொன்னார்கள். டாக்டர்களின் பதிவேட்டிலிருந்து இவர் பெயரை நீக்கினார்கள். பலகை இறங்கியது. அதோடு ஒழிந்தது என்று நினைத்தோம்.

பிறகு ஆந்திரா பிரிந்தது. சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போனது. தமிழ் பேசுகிற எங்கள் ஊர்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி ஜனம் கூட்டமும் ஊர்வலமுமாகக் கிளம்பியது. அது நியாயமான கோரிக்கை. நானும் கொடி பிடித்துப் போயிருக்கிறேன். ஆனால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த டாக்டர் அதில் வந்து ஒட்டிக்கொண்டார். கூட்டத்துக்கு மைக்செட் அவர் செலவு, பந்தல் அவர் செலவு. மேடையில் ஏறி, தான் தமிழன் என்பதால்தான் தெலுங்கு அதிகாரிகள் தன் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்றார். பெயரை நீக்கியது சென்னையில், ராஜ்யம் பிரிவதற்கு முன்னால். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? கை தட்டினார்கள்.

எல்லைச் சங்கத் தலைவர் எங்களுக்குப் பெரியப்பா முறை. ஊர் சென்னையோடு சேரும்வரை, தெரிந்த தெலுங்கும் வாயில் வராது என்று சபதம் எடுத்திருந்தவர். மகஜர் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். ஊரைச் சென்னையோடு சேர்க்க ஒன்று, டாக்டரின் பெயரைத் திரும்பச் சேர்க்க ஒன்று. இரண்டையும் ஒன்றாகவே நீட்டினார். ஜனங்களும் ஒரே மையில் இரண்டிலும் வைத்தார்கள்.

நைனா முதல் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்பா" என்றார் தலைவர்.

"எது ஒண்ணு? எம்பொண்ணு வவுறும் ஊரு எல்லையும் ஒண்ணா?" என்றார் நைனா.

"நம்ம ஜாதி சனத்த நாமளே காட்டிக் குடுக்கலாமா? பாத்துகினு சிரிப்பான் தெலுங்கன்."

நைனா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

டாக்டரின் மனுமேல் சித்தூரில் விசாரணை வைத்தார்கள். அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்குத் தங்கச்சி நான் போனேன். விசாரித்த அதிகாரி குண்டூர்க்காரர், தமிழ் தெரியாது. டாக்டர் பக்கம் வந்திருந்த வக்கீல் குமாஸ்தா, தானே மொழிபெயர்க்கிறேன் என்று முந்திக்கொண்டு நின்றான்.

"குடிச்சிட்டு வந்தாரு" என்றாள் அக்கா.

அவர் களைத்துப்போய் வந்தார் என்று குமாஸ்தா தெலுங்கில் சொன்னான். பாகாலாவில் குடித்தனம் செய்தவளுக்கு அது தெரியாதா? அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதிகாரியின் பக்கம் திரும்பி, "தாகி வச்சாடு" என்றாள். குடித்துவிட்டு வந்தான் என்று, மரியாதை விகுதிகூட வைக்காமல். மிச்சத்தையும் தெலுங்கிலேயே சொல்லி முடித்தாள். டாக்டர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. ஊரார் தன்மேல் வைத்திருக்கும் அன்பைப் பற்றித்தான் சொன்னார்.

நாங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. தமிழச்சி தெலுங்கில் சாட்சி சொல்லிவிட்டாள். கிணற்றடியில் பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அவள் என்ன சொன்னாள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற பெண்கள், ஒருத்திகூடக் கேட்கவில்லை. எனக்கு அந்தக் குடங்களை உடைக்க வேண்டும் போலிருந்தது. மொழி என்ன செய்யும்? அதைப் போர்த்திக்கொண்டு ஒளிகிறவனைச் சொல்ல வேண்டும்.

டாக்டருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. ஊரார் நற்சாட்சி அத்தனை கனமாக இருந்ததாம். எல்லையும் ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி சென்னைப் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. டாக்டர் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு திருத்தணியில் போய்ப் பலகை மாட்டினார். எங்கள் ஊருக்கு மிஞ்சியது கட்டைவிரல் மை.

மறுவருஷம் தலைவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மகளுக்குத் தலைப்பிரசவம். சித்தூர் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கப்போகிறார். அங்கே லேடி டாக்டர் கடப்பைக்காரி, தமிழ் தெரியாது. உள்ளே ஆண்பிள்ளையை விடமாட்டார்கள், அவர் வீட்டம்மாவுக்குத் தெலுங்கு வராது.

"நீ கூட வந்தீனா தேவலாம்மா" என்றார் அக்காவிடம்.

"ஏன் பெரிப்பா, திருத்தணி கிட்டத்துலதான கீது. நம்ம டாக்டரு கீறாரே" என்றாள் அக்கா.

அவர் தரையைப் பார்த்தார். "தலச்சன்ம்மா. பயமா கீது."

எனக்கு வந்த ஆத்திரத்தில், போகாதே என்று அவர் எதிரிலேயே சொன்னேன். "அந்தப் பொண்ணு இன்னாடி பண்ணுச்சி?" என்று அக்கா புடவையை மாற்றிக்கொண்டாள். அவளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வலியில் முனகிய பெண்ணின் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, நர்ஸ் கேட்டதற்கெல்லாம் அக்கா பதில் சொன்னாள். நர்ஸுக்கு அவளைப் பிடித்துவிட்டது. "நீக்கு எந்தமந்தி பில்லலம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று.

தலைவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்தத் தெலுங்கு அவருக்குப் புரிந்தது. அக்கா வாய் திறப்பதற்குள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.