சாமி ஃபைலைத் தொட்டவள்

அலுவலகத்தில் அவளுக்குப் பிடாரி என்று பெயர். வைத்தவர் மேலாளர், அதுவும் முதுகுக்குப் பின்னால். காதில் விழுந்த அன்றே அவள் அதைக் கொட்டை எழுத்தில் எழுதித் தன் மேசைமேல் ஒட்டிவிட்டாள். இதற்கு முன் பார்த்த இரண்டு வேலைகளும் வாயால் போனவை. லேத் பட்டறைக்குப் போகும் கணவர் காலையில் அவளை இறக்கிவிடும்போதே கேட்பார், "சாயங்காலம் வரைக்கும் இந்த வேலை இருக்கும்ல?"

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனி அது. யார் உள்ளே வந்தார், என்ன செய்தார் என்று குறித்துவைக்கும் லாக் வேலை முழுவதும் ஒரே ஃபைலில் இருந்தது. கம்பெனி தொடங்கிய காலத்தில் மேலாளர் தன் கையால் எழுதிய நிரல் அது. தொட்டால் எங்கெங்கோ உடையும் என்பதால் எல்லோரும் அதைச் சாமி ஃபைல் என்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டுவதற்கு முன்பே இதைத் தொடாதே என்று சொல்லிவிடுவார்கள். பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைப்பதில் படித்தவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஒரு நாள் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. நோயாளி ஒருவரின் மருந்து அளவை யாரோ இரண்டு மடங்காக மாற்றியிருக்கிறார்கள். ஊசி போடுமுன் நர்ஸ் கவனித்ததால் ஆபத்தில்லை. லாகில் இருந்த பெயர் மருந்துக் கவுன்டரில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவுடையது. நான் மாற்றவே இல்லை என்று அவர் அழுகிறாராம். மறுநாள் விசாரணை. அந்த லாக் வரி போய்ச் சேர்ந்தால் அவருக்கு வேலை போய்விடும். அதை எடுத்து அனுப்பும்படி மேலாளர் பிடாரியிடம் சொன்னார்.

அவள் அனுப்பவில்லை. அந்த வரிக்கு முன்னும் பின்னும் இருந்தவற்றைப் படித்தாள். அளவு மாறிய அதே நொடியில் அந்த அம்மா வேறொரு திரையில் மருந்து இருப்பைப் பார்த்திருக்கிறார். இரண்டையும் ஒன்றாகச் செய்ய அவருக்கு நாலு கை வேண்டும். உடனே சாமி ஃபைலைத் திறந்தாள்.

வந்திருப்பவர் பெயரை வைக்க அதில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. வாசலில் ஒரே கரும்பலகை, வருகிறவர் ஒவ்வொருவரும் முந்தின பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதுகிற மாதிரி. முதலில் வந்தவர் வேலையை முடிப்பதற்குள் அடுத்தவர் நுழைந்துவிட்டால், முந்தினவர் செய்தது பிந்தினவர் தலையில் விழும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மேலாளரின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

"எத்தனை வருஷமா ஓடுது தெரியுமா அது?" என்றார் அவர். "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையால்ல இருக்கு."

"விரட்டத்தான் சார் போறேன். முதல்ல சோதனை சர்வர்ல உங்க பேர்ல உள்ள போங்க. நான் சொல்றப்ப இருப்பை மட்டும் பாருங்க, எதையும் மாத்தாதீங்க."

அவள் தன் பெயரில் நுழைந்து ஒரு மருந்தின் அளவை இரண்டு மடங்காக்கினாள்; அது பதிவாவதற்குள் அவரை இருப்புத் திரையைத் திறக்கச் சொன்னாள். லாகில் மாற்றியவர் என்று மேலாளரின் பெயர் வந்து நின்றது.

"நடுவுல ஏதோ தாமதம் வெச்சிருக்கே நீ."

"ஆமா சார், வெச்சேன். ஆஸ்பத்திரியில காலையில முண்டுற கூட்டமே அந்தத் தாமதத்தை வெச்சுடும்."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப அந்தம்மா மாத்தலைன்னு உன்னால சொல்ல முடியுமா?"

"முடியாது. மாத்தினாங்கன்னு உங்களாலயும் சொல்ல முடியாது. அதைத்தான் எழுதி அனுப்பப் போறேன்."

"அனுப்பினா நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டே."

"சரி சார்."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். அந்த நேரத்தில் வீட்டு வாடகை யாருக்குத்தான் ஞாபகம் வராது?

எப்படியும் போகிற வேலை என்று ஆனபின் பிடாரிக்கு என்ன பயம்? சாமி ஃபைலைப் பிரித்துப் போட்டாள். திரையிலிருந்து வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதன் சொந்தப் பெயர்ச்சீட்டைக் கொடுத்து, அது போகிற இடமெல்லாம் கையோடு போகும்படி மாற்றினாள். லாக் இனி அந்தச் சீட்டைத்தான் படிக்கும். கரும்பலகையைக் கழற்றியதும் அதை நம்பிப் பிழைத்த மூலைமுடுக்கெல்லாம் உடைந்தது. பக்கத்து மேசைத் தாடிக்காரன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கட்டும்?" என்றான்.

மறுநாள் மேலாளர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. பாதியில் பிரிந்து கிடந்ததைத் திரும்பக் கோக்க அவருக்கே தெரியாது.

மதியம் அந்தக் கவுன்டர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. வேலை போகவில்லை. "நான் பண்ணலைன்னு நீங்களாவது நம்பினீங்களே" என்றார்.

ஆமாம் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். பிடாரிக்கு அது வராது.

"உங்களை எனக்குத் தெரியாதும்மா. நீங்க பண்ணீங்களா இல்லையான்னும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லி ஒருத்தர் பொழப்புல மண்ணைப் போடக் கூடாது. அவ்வளவுதான் நான் சொன்னது."

"கூடவே உக்காந்து வேலை பாக்கறவங்க ஒருத்தர்கூட எனக்காக அதைச் சொல்லலைம்மா" என்றார் அவர்.