நாற்பது மில்லியன் டொலர் கிக்கர்

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், அதாவது என் சகலன், புரோசார்ட்டில் இருக்கிறார். நாங்கள் லவாலில் இருக்கிறோம். நடுவில் மொன்றியல் தீவும் இரண்டு பக்கமும் பாலங்களும். அந்தத் தூரம் எங்கள் உறவுக்கு நல்லது என்றுதான் பல வருடங்களாக நினைத்திருந்தேன். சகலனுக்கு ஒழுங்குவிதி என்றால் உயிர். பிறந்தநாள் விழாவுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துவதற்கும் ஒரு விதி வைத்திருப்பார். மீறியவரின் காரை முன்னும் பின்னும் இரண்டு வான் வண்டிகளால் அடைத்துவிட்டு ஆறுதலாகச் சாப்பிடப் போய்விடுவார்.

அவருக்கு அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியம். ஆனால் பந்து எங்கே போகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. பந்தைப் பிடிப்பவருக்கு என்ன சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தம், இடையில் நிறுத்தினால் அணிக்கு எவ்வளவு நட்டம், இவைதான் அவருக்கு ருசி. அங்கே ஒவ்வொரு அணியும் வீரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அதை ‘கேப்’ என்பார்கள். எவ்வளவு பெரிய பணக்கார முதலாளியானாலும் அதைத் தாண்ட முடியாது. சகலன் இதைச் சொல்லும்போது கண் கலங்குவார்.

அந்த வருடம் அவர் எங்களுக்குள் ஒரு கற்பனை லீக் தொடங்கினார். எட்டுப் பேர், எட்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் இருநூறு மில்லியன் பொய் டொலர். உண்மையான வீரர்களை அந்தப் பொய்க்காசால் ஏலத்தில் எடுக்க வேண்டும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை உண்மையான மைதானத்தில் நன்றாக விளையாடினால் எங்களுக்குப் புள்ளி. கிழமைக்குக் கிழமை இரண்டிரண்டு அணியாக மோதுவோம், கூடப் புள்ளி எடுத்தவர் வெற்றி. நான் சேர மாட்டேன் என்றேன். “அத்தான் கேட்டு மாட்டனெண்டு சொல்லக்கூடாது” என்று மனைவி முடித்துவிட்டாள்.

ஏலம் ஓகஸ்ட் கடைசியில், ஒரு ஞாயிறு பின்னேரம், சகலனின் பேஸ்மன்டில் நடந்தது. அவர் கையில் ஓர் அகப்பை. முன்னால் பெரிய சோற்றுப்பானையின் மூடி. வீரரின் பெயரைச் சொல்லுவார், நாங்கள் விலை கேட்போம், கடைசியாகக் கேட்டவர் எத்தனை வருட ஒப்பந்தம் என்று சொல்லவேண்டும், அகப்பை மூடியில் விழும். விழுந்தால் விழுந்ததுதான்.

நான் முதல் பாதியில் மோசமில்லை. பந்தை எறிகிற குவாட்டர்பேக் ஒருவரைத் தொண்ணூறுக்கு எடுத்தேன். அணிக்கு அவர்தான் மூளை என்று எல்லோரும் சொன்னதால் எடுத்தேன். பிறகு கிக்கர்களின் முறை வந்தது. கிக்கர் என்பவர் மற்றவர்கள் அடிபட்டு உருண்டு பந்தைக் கொண்டுவந்த பிறகு, ஓடிவந்து ஓர் உதை உதைத்துவிட்டுப் போய் உட்காருபவர். அவருக்கு யாரும் ஒரு மில்லியனுக்கு மேல் கொடுப்பதில்லை.

சகலன் ஒரு கிக்கரின் பெயரைச் சொல்லும்போது என் கைபேசி அடித்தது. மனைவி. அடுத்த சனி மகளின் பிறந்தநாள். சாப்பாட்டுக் கடையில் நின்றுகொண்டு எடுத்திருக்கிறாள்.

“இஞ்சேருங்கோ, மட்டன் ரோல்ஸ் எத்தினை சொல்ல?”

“நாப்பது” என்றேன்.

பேஸ்மன்டில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

“நாப்பதோ?” என்றார் சகலன்.

“நாப்பது காணுமோ?” என்றாள் மனைவி.

“ஓம் ஓம், நாப்பது. யோசிக்காதை.”

“எத்தினை வருசம்?” என்றார் சகலன்.

“ஆட்டிறைச்சி எத்தினை கிலோ?” என்றாள் மனைவி.

“அஞ்சு. எலும்போட.”

அகப்பை மூடியில் விழுந்தது. “நாப்பது மில்லியன், அஞ்சு வருசம், எலும்போட!” என்று சகலன் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மகளின் பிறந்தநாளுக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

விஷயம் விளங்கியதும் கத்தினேன். “அண்ணை, நான் ரோல்ஸுக்குச் சொன்னனான்!”

“தம்பி, நான் கேட்டன், நீர் விலை சொன்னீர். நான் திருப்பியும் கேட்டன், ‘யோசிக்காதை’ எண்டும் சொன்னீர். மூத்த எனக்கு மரியாதையில்லாமல் ‘காதை’ எண்டு சொன்னதையே நான் பெரிசாய் எடுக்கேல்லை.”

அவரோடு பேசிப் பயனில்லை. மிச்சமிருந்த எழுபது மில்லியனில் மற்ற எல்லோரையும் எடுக்கவேண்டியிருந்தது. கிடைத்தவர்களில் ஒருவர் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். ஒருவர் எந்த அணியில் இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியவில்லை. சகலனே இரண்டு தரம் தேடிப் பார்த்துவிட்டு, “இருப்பார், இருப்பார்” என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் கதிரையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, “வேண்டாமெண்டா நிப்பாட்டிவிடுங்கோவன்” என்றாள். நிறுத்தினாலும் அவருடைய சம்பளம் எங்கள் கணக்கில் ஐந்து வருடமும் நிற்கும், அதற்கு ‘டெட் மணி’, செத்த காசு என்று பெயர் என்று விளங்கப்படுத்தினேன்.

“செத்ததெண்டா எடுத்துப் புதைக்கிறதுதானே? ஏன் கணக்குக்குள்ள வைச்சிருக்கிறியள்?”

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்கு ஆட்கள் வைத்து விடை தேடிக்கொண்டிருக்கிறது.

செப்டெம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. ஞாயிறுகளில் மத்தியானச் சாப்பாடு முடிய நான் தொலைக்காட்சிக்கு முன்னால் தோற்கத் தொடங்குவேன். என் குவாட்டர்பேக் இரண்டாம் கிழமையே தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். தொண்ணூறு மில்லியன் ஐஸ் வைத்துக்கொண்டு மைதான ஓரத்து வாங்கில் இருந்தது. கிக்கர் மட்டும் நன்றாக இருந்தார். மனைவி உடுப்பு மடிக்கிற சாட்டில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இவரோ எங்கட ஆள்?”

“இவர்தான்.”

“மெல்லிய மனுசன். சாப்பிடுறேல்லைப் போல.” கொஞ்சநேரம் பார்த்தாள். “ஆனால் பாத்தீங்களே, எல்லாரும் சேத்தில பிரண்டு வாறாங்கள், இவரின்ரை காற்சட்டை மட்டும் வெள்ளையாய் இருக்கு. வீட்டுக்காரி குடுத்துவைச்சவள்.”

அன்றிலிருந்து அவள் கிக்கரின் பக்கம். அவர் உதைக்க வரும்போது உடுப்பை வைத்துவிட்டு எழுந்து நிற்பாள். தவறவிட்டால், “பின்னால நிண்டு கத்தினா அவர் என்னெண்டு அடிக்கிறது?” என்று மைதானத்தில் இருந்த எழுபதாயிரம் பேரையும் ஏசுவாள். எனக்கோ எப்படியாவது அவரைத் தள்ளிவிட வேண்டும்.

மொன்றியல் தீவுக்குள், அஹுன்ட்சிக்கில் எங்களுக்குத் தெரிந்த மட்டக்களப்பு நண்பர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். லீக்கில் அவருக்கும் ஓர் அணி இருந்தது, கேப்பில் நிறைய இடமும் இருந்தது. ஏலத்தன்று பாதியில் நித்திரையாகிவிட்டதால் மிஞ்சிய இடம் அது. ஒரு நவம்பர் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் கிக்கரைக் கொடுக்கிறேன் என்றேன்.

“என்ன மனே, பகிடி விடுறியா? நாப்பது மில்லியன் கிக்கர வெச்சி நான் என்ன செய்யிற?”

“கிக்கரோட சேர்த்து இந்த மாரி முழுக்க உன்ரை வாசல்ல சினோ நான் அள்ளுறன்” என்றேன். பனிக்கு எங்கள் பேச்சில் சினோ.

அவர் யன்னலால் தன் வாசலைப் பார்த்தார். நீளமான வாசல். முதுகைத் தடவினார். “படியும் சேத்தா?”

“படியும்.”

கைகொடுத்தோம். அன்றைக்கே சகலன் அதைத் தடுத்துவிட்டார். கைபேசியில் எடுத்தார். கேப்புக்கு வெளியே ஒருவருக்கு நன்மை செய்து ஒப்பந்தம் மாற்றுவது விளையாட்டின் அத்திவாரத்தையே அசைக்கிற வேலை என்றார். “பேந்து ஒருத்தன் இடியப்பம் குடுப்பான், இன்னொருத்தன் பிள்ளையை கார்டெறியில, பிள்ளை பாக்கிற இடத்தில, கொண்டுபோய் விடுவான். இது எங்க போய் நிக்கும்?” தண்டனையாக, சினோ அள்ளுவதற்கு ஒரு மில்லியன் என்று மதிப்புப் போட்டு அதையும் என் கேப்பில் ஏற்றினார். நான் அள்ளவே இல்லை. ஆனால் நண்பர் கைகொடுத்தது கொடுத்ததுதான் என்று நினைத்து, முதல் பனி விழுந்ததும் எனக்கு எடுத்து, “எப்ப வாறாய் மனே?” என்று கேட்டார். போகவேண்டியதாகிவிட்டது.

முதுகுப் பிடிப்போடு வந்த என்னைப் பார்த்துவிட்டு மனைவி நேரே தன் அத்தானுக்கு எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அத்தான், இந்தக் கிக்கர் விளையாட்டை விட்டு இளைப்பாறினா என்ன நடக்கும்?”

“இளைப்பாறினா முழுக் காசும் உங்கட கணக்கில இருந்து கழியும். விதி அப்பிடி.”

“சரி, அப்ப கோயிலுக்குப் போறம்.”

வழியெல்லாம் காரில் வாக்குவாதம். அவருக்கு வேலை போகவேண்டும் என்று கும்பிடுவோம் என்றேன் நான். ஒருத்தருடைய வயிற்றில் அடிக்கிற மாதிரிக் கும்பிடக்கூடாது என்றாள் அவள். நல்ல உடம்பு சுகத்தோடு, மனுசி பிள்ளைகளோடு வீட்டில் இருக்கவேண்டும் என்ற ஆசை அவருக்குத் தானாக வரவேண்டும், அப்படித்தான் கேட்கலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தோம்.

அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் பெயரைக் கேட்டார். மனைவி சொன்னாள். ஐயர் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றும் பிழை.

“நட்சத்திரம்?” என்றார்.

“நட்சத்திரமில்லை ஐயா, கிக்கர்தான்” என்றேன்.

மனைவி என் காலை மிதித்தாள். ஐயர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சுவாமி பேரிலயே செய்வம், அதுதான் எல்லாருக்கும் நல்லது” என்று உள்ளே போனார்.

அர்ச்சனை பலித்தது, பாதி மட்டும். கிக்கருக்கு வந்த உடம்பு சுகம் சொல்லமுடியாது. அவருடைய அணிக்காரர் பந்தை எல்லைவரை கொண்டுபோய் அங்கே முட்டிக்கொண்டு நிற்பார்கள். பிறகு இவரைக் கூப்பிடுவார்கள். இவர் வந்து உதைப்பார். தூரத்திலிருந்து உதைப்பார், காற்றில் உதைப்பார், மழையில் உதைப்பார், காற்சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் திரும்பிப் போவார். வீட்டில் இருக்கும் ஆசை அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. டிசெம்பரில் அவருடைய உண்மையான அணி அவருக்கு உண்மையான காசில் புது ஒப்பந்தம் கொடுத்தது. செய்தியாளர் கேட்டபோது, கால் இருக்கும்வரை உதைப்பேன் என்று சிரித்தார். நான் தலையில் கையை வைத்தேன். மனைவி, “நல்ல காலம், அந்த மனுசி பிள்ளையளுக்கும் ஒரு வழி பிறந்திட்டுது” என்றாள்.

எங்கள் லீக்கின் கடைசிக்கு முதல் கிழமை எனக்கும் சகலனுக்கும் போட்டி. எனக்கு ஏற்கெனவே எல்லாம் போய்விட்டது. அவர் வென்றால் இறுதியாட்டம். அன்று அவர்கள் குடும்பமாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மற்ற ஆட்டங்கள் எல்லாம் முடிய சகலன் இரண்டு புள்ளி முன்னால் நின்றார். கிக்கரின் ஆட்டத்தில் மட்டும் சில நொடிகள் மிச்சம். பந்து மைதானத்தின் நடுவுக்குக் கிட்ட கிடந்தது.

“இவ்வளவு தூரத்துக்கு ஏலாது” என்றார் சகலன். மிக்சரை வாயில் போட்டார்.

மனைவி எழுந்து நின்றாள். அவள் அக்காவும் ஏனென்று தெரியாமல் எழுந்து நின்றார்.

அவர் ஓடிவந்து உதைத்தார். பந்து மேலே போய், காற்றில் கொஞ்சம் யோசித்து, வலதுபக்கக் கம்பத்தில் ‘டங்’ என்று பட்டு உள்ளே விழுந்தது. மூன்று புள்ளி. நானும் மனைவியும் கட்டிப்பிடித்துத் துள்ளினோம். மேலே அறையில் இருந்து மகள் ஓடிவந்து, யாருக்கு என்ன நடந்தது என்று பிரெஞ்சில் கத்தினாள். சகலன் மிக்சரை விழுங்காமல் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, விதிப்படி எனக்குக் கைகொடுத்தார்.

அந்த வருடம் நான் கடைசிக்கு மேலே, ஏழாம் இடம்.

வசந்தத்தில் ஒருநாள் சகலன் தயங்கித் தயங்கிக் கைபேசியில் எடுத்தார். “தம்பி, அந்தக் கிக்கரை நான் எடுக்கிறன். முழுச் சம்பளத்தோட. உமக்கும் பாரம் குறையும்.”

நான் ‘ஓம்’ என்று வாயைத் திறக்க மனைவி கைபேசியைப் பறித்தாள். “அத்தான், குறை நினைக்காதேங்கோ. அவரைக் குடுக்கேலாது.”

“பிள்ளை, நாப்பது மில்லியன்!”

“இருக்கட்டும். நாங்கள் சமாளிப்பம்.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஏலத்துக்கு நான் வரத் தேவையில்லை, அவள் வந்தால் காணும் என்று அக்கா மூலம் சொல்லி அனுப்பினார். அவள் போனாள். நான் வீட்டில் இருந்து கத்தரிக்காய் பொரித்தேன்.

பின்னேரம் பாலத்து நெரிசலில் சிக்கி, பிந்தி வந்து சப்பாத்தைக் கழற்றினாள். முகத்தில் ஒரே சந்தோசம். நல்ல குவாட்டர்பேக் ஒருவரை மலிவாகப் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“ஆரை எடுத்தனீர்?”

“இன்னொரு கிக்கர் எடுத்தனான்” என்றாள். “பாவம், அவர் தனிய இருக்கிறாரெல்லே.”